உயிலை நிறைவேற்றும் பொறுப்பு உங்களிடம் வந்தால்: டெல்டாக்காரர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

சித்தப்பாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்து பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அவருடைய மூத்த மகன் என்னைக் கொல்லைப் பக்கம் கூப்பிட்டு, "அண்ணே, உயில்ல உங்க பேரு இருக்காமே?" என்றான். இருந்தது. "இந்த உயிலை நிறைவேற்றுபவராக என் அண்ணன் மகனை நியமிக்கிறேன்" என்று கடைசிப் பக்கத்தில் ஒரே ஒரு வரி. நீடாமங்கலம் பக்கத்தில் ஏழு மா (மா என்பது எங்கள் பக்கத்து நில அளவு) நஞ்சை, ஒரு ஓட்டு வீடு, கொஞ்சம் நகை, கொஞ்சம் கடன். இவ்வளவுதான் சொத்து. அதை அவர் சொன்னபடி உரியவர்கள் கையில் சேர்க்க எனக்கு ஒன்றரை வருடம் ஆனது. அந்த அலைச்சலில் கற்றதை, அடுத்து இந்த வேலை வந்து சேரும் ஒருவருக்காக எழுதுகிறேன்.

முதலில் ஒன்றை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். நீங்கள் பஞ்சாயத்துத் தலைவர் இல்லை. எது நியாயம் என்று தீர்ப்புச் சொல்வதற்காக உங்களை நியமிக்கவில்லை. இறந்தவர் கடைசியாக என்ன விரும்பினார் என்று எழுத்தில் இருக்கிறதோ, அதைச் செய்து முடிக்க நியமித்திருக்கிறார். மகளுக்கு ஒரு மா குறைவாக எழுதியிருந்தால் உங்களுக்கு மனசு கேட்காமல் போகலாம். அதற்காக அளவை மாற்ற உங்களுக்கு அதிகாரம் இல்லை.

ஏற்பதற்கு முன்

உயிலில் பெயர் இருப்பதாலேயே ஏற்றாக வேண்டும் என்று கட்டாயம் கிடையாது. வயது, உடம்பு, வெளிநாட்டு வேலை, குடும்பத்தோடு மனஸ்தாபம், எந்தக் காரணத்துக்காகவும் விலகலாம். விலகுவதாக இருந்தால் ஆரம்பத்திலேயே கையெழுத்துப் போட்டு எழுத்தில் கொடுத்துவிடுங்கள். கடன் வசூலித்து, சொத்தைக் கையாண்டு, பாதி வழி போன பிறகு கழன்றுகொள்வது சிரமம். உயிலில் உங்களுக்கே ஏதாவது எழுதிவைத்திருந்தால் இன்னொன்றையும் கவனியுங்கள். நிறைவேற்றுபவர் என்ற முறையில் எழுதப்பட்ட பங்கு, அந்த வேலையைச் செய்ய முன்வந்தால்தான் கிடைக்கும்.

நானும் இரண்டு நாள் யோசித்தேன். சித்தி என்னிடம் எதுவும் சொல்லவில்லை. பீரோ சாவியைக் கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். அப்புறம் நான் யோசிக்கவில்லை.

முதல் சில வாரங்கள்

இறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்துவிடுங்கள். இறப்புச் சான்றில் பத்துப் பிரதியாவது எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், போகும் இடமெல்லாம் ஒன்று கேட்பார்கள். வாரிசுச் சான்றுக்கும் உடனே விண்ணப்பியுங்கள். உயில் இருக்கும்போது அது எதற்கு என்று தோன்றும். தாலுகா ஆபீசிலும் வங்கியிலும் கேட்பார்கள், வேறு வழியில்லை.

அடுத்தது உயிலின் மூலப் பிரதி. ஜெராக்ஸை வைத்துக்கொண்டு பெரிய காரியம் எதுவும் நடக்காது. பீரோ, லாக்கர், பூஜை அறைப் பெட்டி, வழக்கமாகப் பத்திரம் எழுதுபவர், பழைய வக்கீல் என்று எல்லா இடத்திலும் தேடுங்கள். பதிவு செய்த உயில் என்றால், எழுதியவர் இறந்த பிறகு சார்பதிவாளர் அலுவலகத்தில் யார் விண்ணப்பித்தாலும் சான்றிட்ட நகல் கிடைக்கும். சிலர் உயிலை முத்திரையிட்ட உறையில் வைத்து மாவட்டப் பதிவாளரிடம் ஒப்படைத்திருப்பார்கள். அங்கேயும் ஒருமுறை கேளுங்கள்.

இன்னொரு விஷயத்தில் பலர் ஏமாந்துபோகிறார்கள். பதிவு செய்த உயில்தான் கடைசி வார்த்தை என்று நினைத்துவிடுகிறார்கள். உயிலுக்குப் பதிவு கட்டாயமே இல்லை. பதிவு செய்த உயிலுக்குப் பிறகு அவர் வெள்ளைத் தாளில் முறையாக இன்னொன்று எழுதி, இரண்டு சாட்சி கையெழுத்து வாங்கியிருந்தால் பிந்தியதுதான் செல்லும். ஆகவே தேடும்போது தேதியைப் பாருங்கள்.

இறந்தவருடைய ஏடிஎம் கார்டை யாரும் தொடக் கூடாது என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். காரியச் செலவுக்கு என்று நல்லெண்ணத்தில் எடுத்த பணம்தான் பின்னால் பெரிய சண்டையாக வெடிக்கும்.

சாட்சிகளைத் தேடிப் போங்கள்

இந்திய வாரிசுரிமைச் சட்டம், 1925, பிரிவு 63 சொல்வது இது: எழுதியவர் கையெழுத்தோ ரேகையோ வைத்திருக்க வேண்டும், குறைந்தது இரண்டு சாட்சிகள் அவர் முன்னிலையில் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். பிரச்சினை நீதிமன்றம் போனால் அந்தச் சாட்சிகளில் ஒருவராவது கூண்டில் ஏறிச் சொல்ல வேண்டியிருக்கும். இருவருமே இல்லை என்றால் கையெழுத்து அவர்களுடையதுதான் என்று வேறு வழியில் நிரூபிக்க வேண்டும், அது பெரிய இழுபறி. சித்தப்பாவின் சாட்சிகளில் ஒருவர் மன்னார்குடியில் மகன் வீட்டில் படுத்த படுக்கையாக இருந்தார். நான் போய்ப் பார்த்தபோது, திண்ணையில் உட்கார்ந்து எழுதியது, பேனா நின்றுபோய் வேறு பேனா வாங்கி வந்தது எல்லாம் நினைவிருந்தது. முகவரி, போன் நம்பர் குறித்துக்கொண்டு வந்தேன். சாட்சிக்குப் பணம் கொடுக்காதீர்கள், பஸ் செலவுக்கு என்றுகூட வேண்டாம். எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் கேட்கும் கேள்வியே அதுவாகத்தான் இருக்கும்.

உயிலில் பெரும் பங்கு உங்களுக்கே வந்து, அது எழுதப்பட்டபோது நீங்களும் பக்கத்தில் இருந்திருந்தால் இன்னும் ஜாக்கிரதை வேண்டும். இப்படிப்பட்ட சந்தேகங்களைத் தீர்க்கும் பொறுப்பு உயிலை முன்வைப்பவருடையது என்று 1959-லேயே உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது.

புரோபேட் வாங்க வேண்டுமா?

எல்லோரும் கேட்கும் கேள்வி. புரோபேட் என்பது, உயில் உண்மையானதுதான் என்று நீதிமன்றம் உறுதிசெய்து தரும் சான்று. உயில் எழுதப்பட்டதும் சொத்து இருப்பதும் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களுக்குள் என்றால், இந்துக்களுக்கு புரோபேட் கட்டாயம் இல்லை. சென்னை நகர எல்லைக்குள் எழுதிய உயிலுக்கும் அங்கிருக்கும் வீடு மனைக்கும் நெடுங்காலம் கட்டாயமாக இருந்தது. அந்த விதியில் அண்மையில் மாற்றம் வந்திருப்பதால், சென்னையில் ஒரு ஃப்ளாட் இருந்தாலும் வக்கீலிடம் தனியாகக் கேட்டுவிடுங்கள்.

கட்டாயம் இல்லை என்பதற்காகத் தேவையே இல்லை என்று அர்த்தம் ஆகாது. வாரிசுகளில் ஒருவர் உயிலே பொய் என்று கிளம்பினால், மாவட்ட நீதிமன்றத்தில் புரோபேட் வாங்கிவிடுவது உங்களுக்குப் பெரிய கவசம். வாங்கினால் அதோடு கடமையும் வரும். ஆறு மாதத்துக்குள் சொத்துப் பட்டியலும், ஒரு வருடத்துக்குள் வரவு செலவுக் கணக்கும் நீதிமன்றத்தில் கொடுக்க வேண்டும். எங்கள் வீட்டில் யாரும் மறுக்கவில்லை, அதனால் நாங்கள் போகவில்லை. ஆனாலும் அந்தக் காலக்கெடுவை எனக்கு நானே வைத்துக்கொண்டேன், அது நல்லதாகப் போயிற்று.

கூத்தாநல்லூர், அதிராம்பட்டினம், நாகூர்ப் பக்கத்து இஸ்லாமியக் குடும்பங்களுக்கு ஒரு குறிப்பு. அடக்கச் செலவும் கடனும் போக மிஞ்சியதில் மூன்றில் ஒரு பங்குக்குத்தான் உயில் செல்லும். அதற்கு மேல் எழுதியிருந்தால் மற்ற வாரிசுகளின் சம்மதம் வேண்டும்.

உயிலைப் படிப்பது

மூன்று முறை படியுங்கள். முதல் முறை சும்மா. இரண்டாம் முறை, ஒவ்வொரு சொத்தும் அவருடையதுதானா என்று பார்த்துக்கொண்டு. மூன்றாம் முறை, எது கட்டளை, எது ஆசை என்று பிரித்துக்கொண்டு.

இரண்டாவதுதான் நம் ஊரில் ரொம்ப முக்கியம். டெல்டாவில் எத்தனையோ பேர் தலைமுறை தலைமுறையாகக் கோயில் நிலத்தையும் மடத்து நிலத்தையும் குத்தகைக்குச் சாகுபடி செய்கிறார்கள். அதைத் "என் நிலம்" என்றே பேசி, உயிலிலும் எழுதிவிடுகிறார்கள். கோயில் நிலத்தின் உரிமையை உயிலில் கொடுக்க முடியாது. குத்தகைப் பாத்தியதை யாருக்குத் தொடரும் என்பது வேறு சட்டத்தின் கீழ் வரும் தனி விஷயம். அதேபோல பூர்வீகச் சொத்தில் அவருடைய சொந்தப் பங்கை மட்டுமே உயிலில் எழுத முடியும். தாய்ப்பத்திரத்தையும் வில்லங்கச் சான்றையும் பார்க்காமல் யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள்.

அளவிலும் குழப்பம் வரும். உயிலில் "கீழ வாய்க்கால் ஓரம் மூன்று மா" என்று இருக்கும். பட்டாவில் ஹெக்டேர், ஏர் என்று இருக்கும். ஒரு குழி 144 சதுர அடி, 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி. ஆக ஒரு மா சுமார் 33 சென்ட், பட்டாக் கணக்கில் பதிமூன்று ஏருக்குச் சற்று மேல். பழைய பத்திரங்களில் சர்வே எண்ணும் பழையதாக இருக்கும், மாவட்டமும் மாறியிருக்கும். நாகப்பட்டினம் 1991-லும் திருவாரூர் 1997-லும் மயிலாடுதுறை 2020-லும் தனி மாவட்டங்கள் ஆயின. "தஞ்சாவூர் ஜில்லா, மன்னார்குடி தாலுகா" என்று இருப்பதைப் பார்த்துத் தஞ்சாவூருக்கு அலையாதீர்கள். விஏஓவிடம் உட்கார்ந்து பழைய எண்ணுக்குப் புதிய எண் எது என்று ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். எனக்கு அந்த ஒரு தாள் எல்லா ஆபீசிலும் உதவியது.

மூன்றாவது, ஆசைகள். "அண்ணன் தம்பி ஒற்றுமையாக இருக்க வேண்டும்" என்பது ஆசை, அதை யாராலும் நிறைவேற்றிக் கொடுக்க முடியாது. "என் மனைவி ஆயுள் உள்ளவரை வீட்டில் குடியிருக்க, அவருக்குப் பின் இளைய மகனுக்கு" என்பது கட்டளை. சித்தியை அந்த வீட்டிலிருந்து யாரும் கிளப்பாமல் பார்த்துக்கொள்வது உங்கள் வேலை. மனைவிக்கு ஆயுள்கால உரிமை மட்டும் எழுதும்போது, அது ஜீவனாம்சத்துக்கு ஈடாகக் கொடுத்ததாக இருந்தால் முழு உரிமையாகவே மாறிவிடலாம். 1977-ல் துளசம்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை விரிவாகப் பேசியது. இப்படி ஒரு வரி உயிலில் இருந்தால் வக்கீல் கருத்து இல்லாமல் நகராதீர்கள். ஒருவருக்கு முழு உரிமையோடு கொடுத்துவிட்டு அடுத்த வரியிலேயே "எக்காலத்திலும் விற்கக் கூடாது" என்றால் அந்தத் தடை பொதுவாகச் செல்லாது. ஆனாலும் அதைப் பெறுபவரிடம் வாசித்துக் காட்டிவிடுங்கள். அது அவர் கேட்க வேண்டிய வார்த்தை.

உயிலில் பெயருள்ளவர் முந்தியே இறந்திருந்தால் அந்தப் பங்கு பொதுவாகச் செல்லாமல் போகும். இறந்தவர் உயில் எழுதியவரின் மகனோ மகளோ பேரனோ பேத்தியோ ஆகி, அவருக்குப் பிள்ளைகள் இருந்தால் செல்லும்.

பிரிப்பதற்கு முன் கொடுக்க வேண்டியவை

இங்கேதான் அவசரப்பட்டுத் தவறு செய்கிறோம். பங்குக்காரர்கள் வரிசையில் கடைசி. முதலில் இறுதிச் சடங்குக்கு நியாயமாக ஆன செலவும், கடைசிக் காலத்து மருத்துவச் செலவும். அப்புறம் புரோபேட் செலவு. அதற்கடுத்து, இறப்பதற்கு முந்தைய மூன்று மாதத்தில் அவரிடம் வேலை செய்தவர்களுக்குப் பாக்கி இருக்கும் கூலி. அதன் பிறகு மற்றக் கடன்கள். இவ்வளவும் தீர்ந்து மிஞ்சியதுதான் உயிலின்படி பிரிக்க வேண்டியது.

கூலி விஷயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். சித்தப்பாவிடம் முப்பது வருடமாக வேலை பார்த்த ஒருவர் இருந்தார். குறுவைக்கு நாற்று விட்டது, வரப்பு வெட்டியது, இரண்டு மாதக் கூலி நின்றுபோயிருந்தது. அவர் ஒன்றும் கேட்கவில்லை. பதினாறாம் நாள் சாப்பாட்டுக்கு வந்து பின் வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டுப் போனார். சித்தப்பாவின் சின்ன டைரியில் அவர் பெயருக்கு நேராகப் பெருக்கல் குறிகள் மட்டும் இருந்தன. ஒரு குறி ஒரு நாள். எண்ணிப் பார்த்துக் கொடுத்தேன். நோட்டுகளை எண்ணாமல் வேட்டி மடிப்பில் வைத்துக்கொண்டு, "ஐயா குறிச்சு வெச்சிருந்தாங்களா?" என்று மட்டும் கேட்டார். கேட்டு வராதவர்களின் பாக்கியைத்தான் நாம் தேடிப் போக வேண்டும். சட்டமும் அவர்களை மற்றக் கடன்காரர்களுக்கு முன்னால் நிறுத்தியிருக்கிறது.

கடன்களில் கூட்டுறவு சொசைட்டிப் பயிர்க்கடன், நகைக்கடன், உரக்கடைப் பாக்கி, டிராக்டர்க்காரர் பாக்கி எல்லாம் வரும். எழுத்துக் கடனா வாய்க் கடனா என்று பார்த்து, ஆதாரம் கேட்டு வாங்கிக் கொடுங்கள். பணம் போதாது என்றால் முந்தி வந்து சத்தம் போடுபவருக்கு முழுதாகக் கொடுத்துவிடக் கூடாது, விகிதப்படிதான் கொடுக்க வேண்டும்.

தங்கச்சிக்கு, அதாவது தன் மகளுக்கு, "என் ஐந்து பவுன் சங்கிலி" என்று சித்தப்பா எழுதியிருந்தார். சங்கிலி சொசைட்டியில் அடகில் இருந்தது. உயில் வேறு விதமாகச் சொல்லாதபோது, அடகில் இருக்கும் பொருளைப் பெறுபவர் அந்தக் கடனோடுதான் பெறுகிறார், மீட்கும் பணம் அவருடையது. இதைத் தங்கச்சியிடம் சொல்வது எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது. கடைசியில் அண்ணன் தம்பி இருவரும் தங்கள் சொந்தப் பணத்திலிருந்து ஆளுக்குப் பாதி போட்டு மீட்டுக் கொடுத்தார்கள். அவர்களாக விரும்பிச் செய்தது அது. பொதுப் பணத்திலிருந்து நான் எடுத்துக் கொடுத்திருந்தால் தவறாகியிருக்கும்.

பணம் பற்றாமல் போனால் "இன்னாருக்கு ஐம்பதாயிரம் ரூபாய்" என்பது போன்ற பொதுவான தொகைகள் விகிதப்படி குறையும். "இந்த வயல்", "இந்தச் சங்கிலி" என்று சுட்டிச் சொன்னவை கடைசிவரை காக்கப்படும்.

வயல் காத்திருக்காது

இறந்தது சம்பா நடவு நேரம் என்றால் உரம் போட வேண்டும், ஆள் வைக்க வேண்டும். யார் பங்கு என்று முடிவாகட்டும் என்று விட்டால் பயிர் போய்விடும். சொத்தைச் சேதமில்லாமல் பாதுகாப்பதும் உங்கள் கடமைதான், அலட்சியத்தால் நஷ்டம் வந்தால் கையிலிருந்து ஈடுகட்ட வேண்டியிருக்கும். செலவைக் குறித்துக்கொண்டு செய்யுங்கள். நெல் கொள்முதல் நிலையத்தில் யார் பெயரில், யார் கணக்கில் போடுவது என்று குடும்பத்தை உட்கார வைத்துப் பேசி எழுதிக்கொள்ளுங்கள். குத்தகைதாரர் இருந்தால் அவரை வெளியேற்றும் பேச்சை எடுக்காதீர்கள். சாகுபடிக் குத்தகைதாரருக்கு 1955-ஆம் ஆண்டுச் சட்டப் பாதுகாப்பு உண்டு, நிலம் அந்தப் பாத்தியதையோடுதான் பங்குக்காரருக்குப் போகும்.

இதற்கென்று வங்கியில் தனிக் கணக்கு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் சம்பளக் கணக்கில் இந்தப் பணம் ஒரு நாள்கூடத் தங்கக் கூடாது. சொத்தில் எதையும் நீங்கள் விலைக்கு வாங்காதீர்கள், நல்ல விலை கொடுத்தாலும் சரி. பாத்தியப்பட்ட யாரும் அதை ரத்து செய்யக் கேட்கலாம்.

வங்கிப் பணத்துக்கு நாமினி இருந்தால் வங்கி அவரிடம்தான் கொடுக்கும். வங்கியைப் பொறுத்தவரை அது சரி. ஆனால் நாமினி அந்தப் பணத்துக்குச் சொந்தக்காரர் ஆகிவிடவில்லை, உயிலின்படி உரியவருக்குக் கொடுக்க வேண்டியவர். இதைச் சண்டையாக இல்லாமல் முதலிலேயே சொல்லிப் புரியவையுங்கள்.

பங்கு ஒப்படைப்பு

இறந்த நாளிலிருந்து ஒரு வருடம்வரை பங்குகளைக் கொடுத்தே ஆக வேண்டும் என்று யாரும் உங்களை நெருக்க முடியாது. அதே வாரிசுரிமைச் சட்டத்தின் பிரிவு 337 அந்த அவகாசத்தைத் தருகிறது. கடன் எல்லாம் வெளியே வரும்வரை அதைப் பயன்படுத்துங்கள். மூத்தவன் மூன்றாம் மாதமே "எப்ப முடிப்பீங்க" என்று ஆரம்பித்தான். கடன் பட்டியலைக் காட்டினேன். ஐந்தாம் மாதம் உரக்கடையிலிருந்து இன்னொரு பாக்கிச் சீட்டு வந்தபோது அவனே என்னிடம் கொண்டுவந்து கொடுத்தான்.

பெறுபவரின் உரிமை முழுமை அடைய உங்கள் இசைவு வேண்டும். வாய்மொழியாகச் சொன்னாலும் போதும் என்றாலும் எழுத்தில் கொடுங்கள்: உயில் தேதி, எந்தப் பத்தி, சர்வே எண், விஸ்தீரணம், நான்கு எல்லை, இன்னாரிடம் ஒப்படைத்தேன் என்று. அவரிடம் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்குங்கள். பெறுபவர் மைனர் என்றால் அப்பா கையில் ரொக்கமாகக் கொடுத்துவிடாதீர்கள்.

பிறகு பட்டா மாறுதல். இ-சேவை மையத்தில் உயில், இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று வைத்து விண்ணப்பிக்க வேண்டும். நிலம் துண்டாகப் பிரிகிறது என்றால் உட்பிரிவு செய்ய சர்வேயர் வந்து அளப்பார். அளக்கும் நாளில் எல்லாப் பங்குக்காரர்களும் வரப்பில் நிற்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். யாராவது ஆட்சேபித்தால் தாலுகா ஆபீசில் உயிலின் உண்மையை முடிவு செய்ய மாட்டார்கள், சிவில் நீதிமன்றம் போகச் சொல்வார்கள். பட்டா மாறினாலும் அது உரிமைப் பத்திரம் ஆகிவிடாது. உயிலையும் இசைவுக் கடிதத்தையும் சேர்த்தே பத்திரப்படுத்தச் சொல்லுங்கள்.

"நாங்க எல்லாரும் பேசிட்டோம், உயில்ல இருக்கிறதை விட்டுட்டு வேற மாதிரி பிரிச்சுக்கிறோம்" என்று வந்தால்? எங்கள் வீட்டிலும் வந்தது. கிழக்கு வயலும் மேற்கு வயலும் மாற்றிக்கொள்ள ஆசைப்பட்டார்கள். முதலில் உயிலின்படி ஒப்படைத்தேன். அதன் பிறகு அவர்களே சார்பதிவாளர் அலுவலகத்தில் பரிவர்த்தனைப் பத்திரம் பதிந்துகொண்டார்கள். தன் பங்கை எப்படி வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ள அவரவருக்கு உரிமை உண்டு. உயிலைத் திருத்த எனக்குத்தான் உரிமை இல்லை.

இறந்தவர் வரி கட்டுபவர் என்றால் அந்த வருட வருமான வரிக் கணக்கையும் நீங்கள்தான் தாக்கல் செய்ய வேண்டும்.

கணக்கு நோட்டு

நூறு பக்க நோட்டு ஒன்று வாங்கினேன். இடது பக்கம் வரவு, வலது பக்கம் செலவு, ரசீதை அந்தந்தப் பக்கத்தில் ஒட்டிவிடுவேன். மாதம் ஒருமுறை சித்தி வீட்டுக் கூடத்தில் நோட்டை விரித்து வைப்பேன், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். முதல் இரண்டு மாதம் வரி வரியாகப் பார்த்தார்கள், அப்புறம் பார்ப்பதை விட்டுவிட்டார்கள். நான் விரித்து வைப்பதை நிறுத்தவில்லை.

கடைசியாக மிச்சம் இருந்தது மார்கழிக்கு ஊர்ப் பிள்ளையார் கோயில் பொங்கலுக்கு ஒரு மூட்டை அரிசி. உயிலில் நான்கு வார்த்தை. அதையும் கொடுத்து, கோயில் ரசீதை நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒட்டி, மூன்று பிள்ளைகளும் சித்தியும் அதன் கீழே கையெழுத்துப் போட்டார்கள். நோட்டை ஜெராக்ஸ் எடுத்து ஆளுக்கு ஒன்று கொடுத்துவிட்டு, பீரோ சாவியைச் சித்தியிடம் திருப்பிக் கொடுத்தேன். அசல் நோட்டு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.